தமிழைப் படமாக்கிப் பூட்டி வைக்காதீர்!



நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து நாள்தோறும் வெளிவரும் தமிழில் எவ்வளவு எழுத்தாக வருகின்றது? எவ்வளவு படமாக வருகின்றது? உங்கள் பிள்ளையின் வகுப்புப் புலனக் குழுவைத் திறந்து சற்றே பின்னோக்கிப் பாருங்கள். விளையாட்டுப் போட்டி அறிவிப்பு, படம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கான அழைப்பு, படம். ஆண்டு 4 இலக்கணப் பயிற்சி, தாளைக் கைப்பேசியால் பிடித்த படம். அன்றாடம் ஒரு திருக்குறள், அதுவும் ரோசாப்பூக்களுக்கு நடுவே ஒரு படம்! எழுத்தாக இருப்பவை ‘நன்றி ஆசிரியர்’, ‘சரிங்க’ போன்ற மறுமொழிகள் மட்டுமே. அவற்றுள்ளும் பல ரோமன் எழுத்தில்!

இந்தப் பழக்கம் தவறு என்று சொல்லவே இதனை எழுதுகின்றேன். வெறும் வசதிக்குறைவு என்று இதனைக் கடந்து போக இயலாது. எழுத்தறிவிக்கும் பள்ளியே எழுத்தை எழுத்தாக வழங்க மறுப்பது நம் பணிக்கே முரணானது.

நான் பகலில் தமிழ் கற்பிப்பவன். இரவில், மாணவர் பயிற்சி ஏடுகளைத் திருத்தி முடித்த பிறகு, பொழுதுபோக்காக இணையப் பக்கங்கள் செய்பவன். முறையாகக் கணினி படித்தவன் அல்லன். நோட்பேடைத் திறந்து எச்.டி.எம்.எல். நிரல்களைத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். லகர, ழகர, ளகர வேறுபாட்டை மாணவர்கள் விளையாட்டாகப் பயில ஒரு சிறிய பக்கம் செய்ய விரும்பினேன். அதற்கு வாக்கியங்கள் வேண்டும். பல பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்களிடம் கேட்டேன். மனமுவந்து அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலானவை படங்கள்! எஞ்சியவற்றில் சில பழைய எழுத்துருவில் இருந்தன. என் கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டின. ஆண்டுக்கணக்கில் நல்லாசிரியர்கள் உழைத்து உருவாக்கிய பயிற்சிகள் கையில் இருந்தும், அவற்றில் ஒரு சொல்லையும் எடுத்தாள முடியவில்லை. மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்துக்கும் படத்துக்கும் என்ன வேறுபாடு?

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அப்படியன்று. ‘அம்மா’ என்னும் சொல்லை ஒருங்குறியில் எழுதினால், கணினி அதனை ஐந்து குறிகளாகச் சேமிக்கின்றது: அ, ம, புள்ளி, ம, கால். ஒவ்வொரு குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். கோலாலம்பூரில் எழுதியதைத் தோக்கியோவில் திறந்தாலும் அது அம்மாதான். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு, ஆக மொத்தம் 15 பைட்டு. ஐம்பது சொற்கள் கொண்ட ஓர் அறிவிப்புக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோபைட்டு போதும்.

அதே அறிவிப்பைப் படமாக்கினால் என்ன ஆகின்றது? நூற்றுக்கணக்கான கிலோபைட்டு செலவாகும். அவ்வளவு செலவழித்தும் கணினிக்கு அதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. வண்ணப் புள்ளிகள் மட்டுமே உள்ளன. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பிழை இருந்தால் திருத்த முடியாது. ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் அடைபட்டபோது, ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டு முன்கட்டணத் தரவில் பாடம் படித்த வீடுகளை நாம் அறிவோம். அந்த வீடுகளுக்கு ஒவ்வொரு கிலோபைட்டும் காசு!

இப்பழக்கம் எப்படி வந்தது?

ஒரு காலத்தில் இதற்குத் தக்க காரணம் இருந்தது. தமிழ்க் கணிமை வரலாற்றில் நம் வட்டாரத்தின் பங்கு பெரிது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. 2001இல் அம்மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

ஆனால் அக்காலத்தில் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைப் பின்பற்றின. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ‘அ’ என்பது கணினியைப் பொறுத்தவரை ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்துதான். எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஆகவே, ‘யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ’ என்று அஞ்சிய ஆசிரியர்கள் தாளைப் படமாக்கி அனுப்பினார்கள். அன்று அது தவிர்க்க இயலாத வழி.

இன்று நிலைமை என்ன? ஒருங்குறியில் தமிழ் 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோசு 2000 லதா எழுத்துருவோடு வந்தது. 2005இல் செல்லினம் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. இன்று கடையில் வாங்கும் ஏறக்குறைய எந்தத் திறன்பேசியிலும் தமிழ் தெரியும், தமிழில் எழுதவும் முடியும். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. மழை விட்டும் தூவானம் விடவில்லை!

இழப்பவர் யார்?

முதலாவதாக, தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர். இதைப் பேச நாம் கூச்சப்படுகின்றோம். தேசியப் பள்ளியில் படித்து, தாய்மொழியை வாசிக்கக் கற்காமல் வளர்ந்து, ‘என் பிள்ளையாவது கற்கட்டும்’ என்று தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் தாய்தந்தையர் நம்மிடையே உள்ளனர். பாராட்டுக்குரிய முடிவு அது. அறிவிப்பு எழுத்தாக வந்தால் அவர்கள் அதனைத் தொட்டுப் படியெடுத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்துப் பார்ப்பார்கள். கைப்பேசியையே உரக்க வாசிக்கச் சொல்வார்கள். படமாக வந்தால்? பிள்ளையைக் கேட்க வேண்டும். அல்லது குழுவில், ‘என்ன எழுதியிருக்கிறது?’ என்று எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும். கேட்கக் கூசி வாளாவிருக்கும் பெற்றோரைப் பார்த்து, ‘அக்கறை இல்லாதவர்கள்’ என்று நாம் ஆசிரியர் அறையில் பேசுகின்றோம். இது நியாயமா?

இரண்டாவதாக, பார்வைக் குறையுடையோர். என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள்கள் தமிழ் எழுத்தைக் குரலாக்கித் தருகின்றன. தாத்தாவுக்குக் கண் மங்கினால், எழுத்தைப் பெரிதாக்கித் தெளிவாகப் படிக்க வழியுண்டு. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து கலங்குகின்றது.

மூன்றாவதாக, அடுத்து வரும் ஆசிரியர். நாம் செய்த கேள்வித்தாளையும் கருத்துணர்தல் பயிற்சியையும் அவர் மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்கின்றார். ‘ஆசிரியருக்கு நேரமில்லை’ என்று ஓயாமல் சொல்லும் நாமே, சக ஆசிரியரின் நேரத்தை இப்படிக் கரைக்கின்றோம்.

நான்காவது இழப்புதான் என்னை உறங்கவிடாதது. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டை 2016இல் கொண்டாடினோம். அந்நெடிய வரலாற்றில் எத்தனையோ தோட்டப்பள்ளிகள் தோன்றின, இடம் மாறின, மூடப்பட்டன. அப்பள்ளிகளின் வரலாறு ஆண்டு மலர்களிலும் பழைய மாணவர்களின் நினைவுகளிலும் கிடக்கின்றது. அவற்றை இன்று முகநூலில் ஏற்றுகின்றோம், எப்படி? பக்கம் பக்கமாகப் படமெடுத்து! நாளை ஒரு பேத்தி தன் பாட்டி படித்த தோட்டப்பள்ளியின் பெயரைத் தமிழில் தேடினால் அந்தப் படங்களின் பக்கம் போய்ச் சேர்வது அரிது.

மேலும், இன்று மொழிபெயர்க்கும் பொறிகளும் பேசும் பொறிகளும் பெரும்பாலும் எழுத்தாகக் கிடைக்கும் தமிழிலிருந்தே தமிழ் கற்கின்றன. நாம் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பவர்கள். லயத்து வீடு என்றால் நமக்கு விளக்கம் வேண்டாம். இந்த மண்ணின் தமிழை நாம் படங்களுக்குள் பூட்டிவிட்டு, ‘பொறிக்கு நம் தமிழ் தெரியவில்லையே’ என்று குறைபட்டுக் கொள்வதில் பொருளில்லை.

நான் கேட்ட மறுப்புகள்

‘படம்தான் அழகாக இருக்கின்றது’ என்பார்கள். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவரொட்டியை அனுப்புங்கள். அதன் கீழேயே அதே செய்தியை எழுத்தாகவும் இடுங்கள். சுவரொட்டி செய்யும்போது எப்படியும் அதனைத் தட்டச்சு செய்திருப்பீர்களே! படியெடுத்து ஒட்ட எத்தனை நொடி?

‘தமிழ்த் தட்டச்சு கடினம்’ என்பார்கள். தமிழ் 99 விசைப்பலகையில் ‘அம்மா’ என எழுத நான்கு தட்டு போதும்: அ, ம, ம, ஆ. புள்ளியை அதுவே இட்டுக்கொள்ளும். ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. அதுவும் வேண்டாமென்றால் கைப்பேசியிடம் வாயால் சொல்லுங்கள், எழுதித் தரும். பிழை திருத்துவது நம் தொழில்தானே!

‘எழுத்தாக இட்டால் என் உழைப்பைத் திருடிவிடுவார்கள்’ என்பார்கள். இவ்வச்சத்தை நான் எள்ளமாட்டேன். பிறர் உழைப்பில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வோர் உள்ளனர். ஆயினும் படத்தின் ஓரத்தை வெட்டிப் பெயரை நீக்குவது எளிதினும் எளிது. எழுத்தாக இணையத்தில் நாளிட்டு வெளியிட்டால், முதலில் செய்தவர் யார் என்பதைத் தேடிக் காட்டவாவது முடியும். மேலும், மாணவருக்காகச் செய்த பயிற்சி மாணவரைச் சென்றடைவதைவிட நம் பெயர் பெரிதா?

‘இப்போது கைப்பேசியே படத்திலுள்ள எழுத்தை வாசித்துவிடுகின்றதே’ என்பது புதிய மறுப்பு. உண்மைதான். தெளிவான அச்சும் வெண்மைப் பின்னணியும் இருந்தால் நன்றாகவே வாசிக்கின்றது. பூக்களின் மேல் வளைத்தெழுதிய தலைப்பையும், சாய்த்துப் பிடித்த தாளையும் காட்டிப் பாருங்கள், தடுமாறும். ‘பள்ளி’யைப் ‘பல்லி’யாகப் பிள்ளை எழுதினால் நாம் சிவப்பு மையால் சுழிக்கின்றோம். பொறி அப்படி வாசித்தால் யார் சுழிப்பது? கதவை நாமே பூட்டிவிட்டு, பூட்டுடைப்பவன் திறமையானவன் என்று மகிழ்வது என்ன அறிவு?

செய்ய வேண்டியவை

1. பள்ளி அறிவிப்பு எதுவாயினும் ஒருங்குறி எழுத்தில் இடுக. படம் துணைக்கு இருக்கட்டும்.

2. பயிற்சித் தாள்களைப் பி.டி.எஃப். கோப்பாக மட்டும் பகிராதீர். அதிலிருந்து தமிழைப் படியெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைவதுண்டு. மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

3. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுக. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. குறுந்தட்டும் விரலியும் கெடுவதற்கு முன் இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில் தொடங்குங்கள். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்க்கவும்.

4. பள்ளியின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறியுங்கள். ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டே எழுத்து அது. அப்போதுதான் திரைவாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க வழி பிறக்கும். ஒவ்வொரு படத்திற்கும் ‘ஆல்ட்’ என்னும் இடத்தில் ஒரு வரித் தமிழ் விளக்கம் எழுதுங்கள்.

5. பெற்றோர்களே, நீங்கள் வாளாவிருக்க வேண்டா. அடுத்த முறை படம் மட்டும் வந்தால், ‘ஆசிரியர், இதனை எழுத்தாகவும் போட முடியுமா?’ என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல ஆசிரியர் எவரும் அதற்காக வருந்தமாட்டார்.

இவற்றுள் எதற்கும் மானியம் தேவையில்லை. அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. ஒரு ரிங்கிட்டும் செலவில்லை. தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டும் கட்டடம் கேட்டும் காத்திருந்த சமுதாயம் நாம். யாரிடமும் கேட்காமல் இன்றே நம் கையால் செய்யக்கூடிய ஒன்றையும் செய்யாமல் இருந்தால், அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.