சோம்பேறி என்ற சொல்

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தியின் உண்மையைத் தேடி முடிப்பதற்கு முன்னரே அதற்கு எந்தச் சொல் தலைப்பாகப் பொருந்தும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். இந்தப் பழக்கத்தின் ஆபத்தை எனக்கு உணர்த்தியது நான் அதிகம் எழுதியிராத ஒரு விளையாட்டு, அமெரிக்கர்களின் பேஸ்போல்.

நியூயோர்க் யாங்கீஸ் அணியின் கெட்சர் கெரி சன்செஸை வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று அந்த அணியின் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய விவாதத்தையே இங்கு குறிப்பிடுகின்றேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கெட்சரை விக்கெட் காப்பாளர் என்று சொன்னால் பாதிதான் விளங்கும். அவர் முகமூடியும் மார்புக் கவசமும் அணிந்து துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் குந்தியிருப்பார். அடுத்து எத்தகைய பந்தை வீசுவது என்று பந்துவீச்சாளருக்குச் சைகை காட்டுவார். மண்ணில் குத்தி எழும் பந்தைத் தன் உடம்பையே சுவராக்கித் தடுப்பார். ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 150 பந்துகளை அவர் எதிர்கொள்ள நேரும். தடுத்த பந்துகளைச் சாதாரண ரசிகன் எண்ணுவதில்லை. பிடித்திருக்க வேண்டிய ஒன்றைத் தவறவிட்டு எதிரணி ஓட்டக்காரர் முன்னேறினாலோ, அது ‘பாஸ்ட் போல்’ என்று அவர் பெயருக்கு நேரே பதிவாகிவிடும்.

டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த சன்செஸ் 2009இல், 16 வயதில், யாங்கீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமானவர். 2016இல் முதன்மை அணியில் இடம் கிடைத்தபோது 53 ஆட்டங்களில் 20 ஹோம் ரன்களை அடித்தார். யோகி பெராவும் தர்மன் மன்சனும் ஜோர்ஜ் பொசாடாவும் நின்ற இடத்துக்கு உரிய வாரிசு வந்துவிட்டார் என்று ரசிகர்கள் கொண்டாடினர். 2017இல் மேலும் 33 ஹோம் ரன்கள்.

ஆனால், அதே 2017இல் அவர் பெயரில் 16 பாஸ்ட் போல்கள் பதிவாகின. அவருடைய தடுப்பாட்டம் போதாது என்று முகாமையாளர் ஜோ ஜிரார்டி பகிரங்கமாகவே கூறினார். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 18 ஆகியது. துடுப்பாட்டச் சராசரி .186 ஆக வீழ்ந்தது.

ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். இத்தகைய பலத்துடன் அடிக்கும் கெட்சர்கள் மிக அரிது, பொறுத்திருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். கெட்சரின் முதற்கடமை பந்தைத் தடுப்பது, அதைச் செய்யாதவர் எத்தனை ஹோம் ரன் அடித்தும் பயனில்லை என்றனர் மறுசாரார். இதுவரை விவாதம் நியாயமானதே. இரு பக்கத்திலும் சரக்கு இருந்தது.

அது தடம் புரண்டது 2018 ஜூலை 23இல். தம்பா பே அணியுடனான ஆட்டத்தில் தன்னைக் கடந்து சென்ற பந்தின் பின்னால் சன்செஸ் மெதுவாகவே போனார். இரண்டாம் தளத்தில் நின்றவர் ஓடி ஓட்டம் பெற்றுவிட்டார். ஆட்டத்தின் இறுதிக் கணத்தில், மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க, பந்தைத் தரையோடு அடித்த சன்செஸ் முதல் தளத்துக்கு முழு வேகத்தில் ஓடவில்லை. யாங்கீஸ் 7-6 எனத் தோற்றது. ‘சோம்பேறி’ என்ற சொல் அன்றிரவே எங்கும் ஒலித்தது. மறுநாள் அவர் காயமடைந்தோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். ஏற்கெனவே அவரை விலக்கி வைத்திருந்த தொடையிடுக்குத் தசைக் காயம் மீண்டும் பாதித்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தோளிலும் சத்திரசிகிச்சை நடந்தது.

காயம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட முடியாதவர் அதனைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், செய்தி திருத்தப்பட்ட பின்னரும் அந்தச் சொல் திருத்தப்படவில்லை. 2019இல் 34 ஹோம் ரன்கள் அடித்தபோது அது சிறிது ஓய்ந்தது. தொற்றுநோயால் சுருங்கிய 2020 பருவத்தில் சராசரி .147 ஆகியபோது மீண்டும் எழுந்தது. அந்த ஆண்டு புதிய பயிற்சியாளரின் கீழ் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிப் பந்து பிடிக்கும் முறைக்கு அவர் மாறினார். தனது தொழிலின் அடிப்படையையே மாற்றிக் கற்க முனைந்தவரைச் சோம்பேறி என்பது எவ்வகையில் பொருந்தும்?

2022 மார்ச்சில் யாங்கீஸ் அவரை மினசோட்டா அணிக்கு மாற்றியது. அடுத்த மாதம் கொண்டுவரப்பட்ட ஹோசே ட்ரெவினோ அவ்வாண்டே தடுப்பாட்டத்துக்கான கோல்ட் குளோவ் விருதைப் பெற்றார். ஆகவே, அனுப்பிவிட வேண்டும் என்றவர்களின் முடிவு சரியென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருப்பினும், சன்செஸின் தொழில் அத்துடன் முடிந்துவிடவில்லை. 2023இல் சான் டியாகோ அணிக்காக 72 ஆட்டங்களில் 19 ஹோம் ரன்கள் அடித்தார். அதன் பின்னரும் வேறு அணிகள் அவரைத் தேடி எடுத்தன. பொருந்தாதிருந்தது ஓர் இடம், ஒரு மனிதர் முழுவதும் அல்லர்.

இங்குதான் எனது கருத்து இருக்கின்றது. சரியான முடிவுக்குத் தவறான குற்றச்சாட்டின் வழியாகவும் போய்ச் சேரலாம். முடிவு சரியாகிவிட்டதால் குற்றச்சாட்டும் உண்மையாகிவிட்டது என்று எண்ணுவதுதான் பிழை. பந்து தவறியது கண்ணுக்குத் தெரியும், அதனை எண்ணலாம், அதன்மேல் வாதிடலாம். முயற்சி இல்லை என்பது மைதானத்தின் மேல்தட்டில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியக்கூடியதன்று.

டிக்கெட் வாங்கியவருக்குக் கூச்சலிட உரிமை உண்டு. அந்தக் கூச்சலைத் தலைப்பாக்கும் எம்மைப் போன்றவர்களுக்குப் பொறுப்பு அதைவிடக் கூடுதலாக உண்டு. ஆட்டத்தின் முடிவு காலையில் பழைய செய்தியாகிவிடும். ஒரு மனிதரின்மேல் ஒட்டிய சொல் அவர் அணி மாறிய பின்னரும் கூடவே போகும். என் மேசையிலும் எத்தனையோ தலைப்புகள் அவசரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எத்தனை சொற்களை மறுநாள் திருத்தியிருக்க வேண்டும் என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றேன்.