சோத்துக்கு மட்டுமா வாலாட்டுது?

"நாய்க்கு என்னங்க, யாரு சோறு போட்டாலும் வாலாட்டும்." இந்த டயலாக்கைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது மக்களே. வெறும் பேச்சா இருந்தா விட்டுடலாம். வீட்டைக் காலி பண்ணிட்டு சென்னைக்குப் போறவங்க, வருஷக்கணக்கா வளர்த்த நாயைத் தெருவுல விட்டுட்டுப் போக இதைத்தான் சாக்கா சொல்றாங்க. "பக்கத்து வீட்டுல சோறு போட்ருவாங்க, பொழைச்சுக்கும்."

நம்ம வானூர் பக்கத்துக்கே வாங்க. மரக்காணம் உப்பளத்துக்கு விடியுமுன்னே கிளம்புற வீடுகள்ல கவனிச்சிருக்கீங்களா? தட்டுல வெச்ச சோத்துல எறும்பு மொய்க்கும். நாய் வாசல்ல படுத்து ரோட்டையே பார்த்துக்கிட்டிருக்கும். ஆள் வந்து வண்டியை நிறுத்தினதும் ஒரு ஆட்டம் போட்டுட்டு, அதே காய்ஞ்ச சோத்தை மளமளன்னு திங்கும். பசி அப்பத்தான் வந்துச்சா? தவிப்புல இருக்கற நாய்க்கு சோறு இறங்காதுங்க.

"எங்க நாய் யாரு வெச்சாலும் திங்குதே"ன்னு பின்னூட்டம் போட வருவீங்க. திங்கட்டும். வயிறு வேற, பாசம் வேற.

நான் சொன்னா நம்ப மாட்டீங்க. கொல்கத்தா ஐசர்ல அனிந்திதா பத்ராவோட குழு, தெருநாய்ங்களை வெச்சே ஆராய்ச்சி பண்ணி 2017-ல வெளியிட்டாங்க. முன்பின் தெரியாத ஆள் திரும்பத் திரும்பப் போய் சில நாய்க்குக் கூடுதலா தீனி குடுத்தார், சில நாயைத் தடவிக் குடுத்தார். தடவிக் குடுத்த நாய்ங்கதான் அதிகமா நம்பி கிட்ட வந்துச்சு. அதுவும் தினம் சோத்துக்கு அலையற தெருநாய்ங்க!

ஜப்பான் ஹச்சிகோவையும் "ஸ்டேஷன்ல கறி கிடைக்குது, அதான் வருது"ன்னு சொன்ன புண்ணியவான்கள் உண்டு. 1925-ல எஜமான் செத்தார். தோட்டக்காரர் வீட்டுல அதுக்கு சோறு இருந்துச்சு. அப்பவும் 1935-ல சாகுறவரைக்கும் ஷிபுயா ஸ்டேஷனுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சே, எதுக்கு?

நம்ம சட்டமும் லேசுப்பட்டதில்ல. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, பிராணியைக் கைவிடறது குற்றம்தான். ஆனா பசியாலயோ தாகத்தாலயோ அது அவதிப்படற நிலைமையில விட்டாத்தான். அங்கயும் கணக்கு சோத்தோட முடிஞ்சு போச்சு!

கூட்டிட்டுப் போக முடியலையா? வெச்சுக்கப் போறவங்களை ரெண்டு மூணு வாரம் முன்னாலயே பழக விடுங்க. பக்கத்துல உட்காரட்டும், தடவிக் குடுக்கட்டும். தட்டை மட்டும் கை மாத்திட்டு பஸ் ஏறாதீங்கய்யா.

டிஸ்கி: நீங்க பக்கத்துல இருந்தும் ஒரு நாள் முழுக்கத் திங்கலைன்னா அது ஏக்கம் இல்ல, நோவா இருக்கலாம். மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.