முதலிடம் விலைக்குக் கிடைக்காது!



அண்மைக் காலமாக நம் உறுப்பினர்களின் கடைகளுக்கு ஒரு புதுவகைத் தரகர் வந்து போகிறார். சில நேரம் நேரில் வருவார். பெரும்பாலும் தொலைபேசியில் பேசுவார். "உங்கள் கடையைக் கூகுளில் முதலிடத்தில் நிறுத்திக் காட்டுகிறோம். மூன்றே மாதம். உத்தரவாதம் உண்டு. முன்பணம் மட்டும் கொடுங்கள்" என்பார். கேட்டால் "எஸ்.இ.ஓ." என்று மூன்றெழுத்தைச் சொல்வார். இணையதளத்தைத் தேடுபொறிக்கு ஏற்றபடி சீர்செய்து, சரக்குத் தேடுவோரின் கண்ணில் முன்னதாகப் படச் செய்யும் வேலைக்கு அந்தப் பெயர். வேலை உண்மையானது, இன்றைய வியாபாரத்துக்குத் தேவையானதும்கூட. ஆனால் அவர் தரும் உத்தரவாதம் பொய். இதை நம் உறுப்பினர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு உறுப்பினரின் அனுபவம்

நம் உறுப்பினர் ஒருவர் எவர்சில்வர் பாத்திர வியாபாரி. பெயர் வேண்டாம். இப்படி வந்த ஒருவரிடம் ஓராண்டுக்கு 48 ஆயிரம் ரூபாய் கொடுத்தார். மூன்றாவது மாதம் அந்த ஆள் வந்து, வியாபாரியின் கைப்பேசியிலேயே தேடிக் காட்டினார். கடை முதலாவதாக வந்தது. நம்மவருக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் ஆண்டு முடிந்தும் புது ஆர்டர் ஒன்றுகூட அந்த வழியாக வரவில்லை.

பிறகு அவருடைய மகள்தான் ஒரு கேள்வி கேட்டார்: "அப்பா, என்ன வார்த்தை போட்டுத் தேடிக் காட்டினாங்க?" யோசித்துப் பார்த்தால், கடையின் பெயரையே போட்டுத் தேடியிருக்கிறார்! கடையின் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே நம் வாடிக்கையாளர். அவரைப் பிடிக்க 48 ஆயிரம் எதற்கு? ஊர்ப் பெயரோடு "பாத்திரம் மொத்த விலை" என்று போட்டுப் பார்த்தபோது, முதல் மூன்று பக்கத்திலும் கடையைக் காணோம்.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. இனி வேண்டாம் என்று கணக்கை முடிக்கப் போனபோது, இணையதளப் பெயர் அந்த முகவரின் பெயரில் பதிவாகியிருப்பது தெரிந்தது. கூடுதல் பணம் கொடுக்காமல் அதை மாற்றித் தர மறுத்துவிட்டார். பில் புத்தகம், துணிப்பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி வீணாயிற்று. தன் கடைப் பெயர்ப்பலகையை அடுத்தவர் வீட்டில் அடகு வைத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

ஏமாறாமல் இருக்க, சரக்கின் குணம் தெரிய வேண்டும். தேடுபொறி மூன்று வேலை செய்கிறது. முதலில், அதன் தானியங்கி நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போய் உலகத்து இணையப் பக்கங்களைப் படிக்கின்றன. இரண்டாவதாக, படித்ததைப் பேரேட்டில் ஏற்றுவதுபோல் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைக்கின்றன. மூன்றாவதாக, ஒருவர் ஒன்றைத் தேடும்போது, அவருக்கு மிகவும் பயன்படும் என்று கணிக்கும் பக்கங்களை வரிசைப்படுத்துகின்றன. இந்த வரிசையில்தான் நம் கவனம்.

1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சி மாணவர்கள் கூகுளைத் தொடங்கியபோது பிடித்த சூத்திரம் நம் கடைவீதிக்குப் புதிதல்ல. "இந்தச் சரக்கு நம்மகிட்ட இல்லீங்க, மூணாவது கடையில நல்லதா கிடைக்கும்" என்று ஒரு வியாபாரி கைகாட்டினால், அந்த மூன்றாவது கடைக்கு மதிப்பு ஏறுகிறது. கைகாட்டுபவர் பெயர் பெற்றவரானால் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஒரு இணையதளம் மற்றொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை அவர்கள் இப்படிப்பட்ட சிபாரிசாகக் கணக்கிட்டார்கள். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆயினும் இணைப்பும் இன்றும் கணக்கில் வருகிறது.

பட்டியலில் இடம்பெறவோ, வரிசையில் மேலே வரவோ கூகுள் பணம் வாங்குவதில்லை. பணம் கொடுத்து வாங்கும் இடம் விளம்பர இடம். அதன் மேல் அது விளம்பரம் என்ற குறிப்பும் இருக்கும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, நம் தெருவில் வந்து உத்தரவாதம் தருபவர் எந்த அதிகாரத்தில் தருகிறார்?

பெரிய கடைக்கும் இதே கதி

"இணைப்புதானே சிபாரிசு? சிபாரிசை விலைக்கு வாங்கிவிட்டால்?" என்று கேட்கத் தோன்றும். வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1902இல் தொடங்கிய ஜே.சி.பென்னி என்ற பெரும் சில்லறை வணிக நிறுவனம், துணிமணி, படுக்கை விரிப்பு, மரச்சாமான் என்று எதைத் தேடினாலும் கூகுளில் முன்னால் வந்து நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் காரணத்தை வெளியிட்டது. பெரும்பாலும் அந்த வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களில் 2,000க்கும் மேற்பட்ட பக்கங்களில் இந்தக் கடைக்கு இணைப்பு செருகப்பட்டிருந்தது. விலைக்கு வாங்கிய சாட்சிகள்! விஷயம் தெரிந்ததும் கூகுள் நடவடிக்கை எடுத்தது. வரவேற்பறை மரச்சாமான் தேடலில் முதலிடத்தில் இருந்த கடை 68ஆம் இடத்துக்குப் போனது. ஒரு குறிப்பிட்ட பயணப்பெட்டித் தேடலில் இரண்டே மணி நேரத்தில் முதலிடத்திலிருந்து 71ஆம் இடத்துக்கு விழுந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று நிறுவனம் கூறி, தான் அமர்த்தியிருந்த ஆலோசகரை நீக்கியது. ஆனால் தண்டனை கடைக்குத்தான்.

2006இல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மனி இணையதளம், நிரலுக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காகக் கூகுள் பட்டியலிலிருந்தே சில நாள் நீக்கப்பட்டது. பணமும் வக்கீலும் உள்ள நிறுவனங்களுக்கே இந்தக் கதி என்றால், நம் சிறு கடையைத் திரும்ப மேலே கொண்டுவர யாரிடம் போய் முறையிடுவது? தரகர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

நாமே செய்யக்கூடியவை

அப்படியானால் எதுவும் செய்ய வேண்டாமா? கட்டாயம் செய்ய வேண்டும். "நம்ம வாடிக்கையாளருக்கு நம்ம கடை தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரும், வெளி மாவட்டத்திலிருந்து மொத்தக் கொள்முதலுக்கு வருபவரும் கைப்பேசியில் தேடிவிட்டுத்தான் பேருந்தே ஏறுகிறார்கள். 1996இல் கொத்தவால்சாவடி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது, புது இடத்தையும் கடை எண்ணையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது ஒவ்வொரு வியாபாரியின் பொறுப்பாக இருந்தது. இன்றும் பொறுப்பு அதுவே. தெரிவிக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

முதல் வேலை, கூகுள் வரைபடத்தில் நம் கடையின் பதிவை நாமே உரிமை கோரிப் பெறுவது. இது இலவசம். அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது, தேடியவருக்கு வேண்டியது நம்மிடம் உண்டா, கடை எவ்வளவு தூரம், கடைக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில். கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வியாபார வகையைச் சரியாகக் குறியுங்கள். திறக்கும் நேரம், சாப்பாட்டு இடைவேளை, பண்டிகை விடுமுறை எல்லாம் சரியாக இருக்கட்டும். "திறந்திருக்கிறது" என்று பார்த்து வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், மறுமுறை வரமாட்டார். கடைப் பெயரோடு "ஊரிலேயே நம்பர் 1, மலிவு விலை" என்று வால் சேர்க்காதீர்கள். அது விதிமீறல்; பதிவே முடக்கப்படலாம்.

இரண்டாவது, சொந்த இணையதளம் இருந்தால் அதில் சரக்கைப் பற்றி எழுத்தில் எழுதுங்கள். பலர் அச்சடித்த நோட்டீசைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு விடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நிரல் படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. என்ன சரக்கு, என்ன அளவு, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எந்த ஊருக்கு லாரியில் அனுப்புவீர்கள் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் சரக்கைச் சொல்லும் தலைப்பு இருக்கட்டும். கைப்பேசியில் விரைவாகத் திறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் முக்கியச் சொற்களை அடுக்கித் தருகிறோம் என்று சிலர் இன்றும் காசு கேட்கிறார்கள். அந்தக் குறிச்சொல் பட்டியலைத் தாம் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

எதை எழுதுவது என்று தெரியவில்லையா? கல்லாவில் உட்கார்ந்து ஒரு வாரம், வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்க எந்த அண்டா வேணும்?", "இண்டக்ஷன் அடுப்புக்கு இந்த அடி ஒத்துக்குமா?" என்பார்கள். நாம் தினமும் வாயால் சொல்லும் பதிலையே எழுதிப் போட்டால், அதே கேள்வியைத் தேடும் முன்பின் தெரியாத ஒருவர் நம்மிடம் வந்து சேருவார். எந்த முகவருக்கும் தெரியாத அறிவு அது. நமக்கு மட்டுமே உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தேடுபொறியே பதிலைத் தொகுத்து மேலே காட்டத் தொடங்கிவிட்டது. தெளிவாக எழுதி வைத்தவர்களின் விவரத்தைத்தானே அதுவும் எடுத்துக்கொள்ள முடியும்?

மூன்றாவது, வாடிக்கையாளர் கருத்துகள். திருப்தியாகச் சரக்கு வாங்கிப் போகிறவரிடம், "முடிஞ்சா நாலு வார்த்தை எழுதுங்க" என்று கேட்பதில் தவறில்லை. குறை எழுதியவருக்கும் பணிவாகப் பதில் போடுங்கள். ஆனால் காசுக்குக் கருத்து எழுத ஆள் பிடிப்பது நம் சமூகத்துக்கே இழுக்கு. இணையக் கருத்துகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர நெறியை வெளியிட்டுள்ளது. நாணயம் போனால் கடை போகும் என்று சொல்லி வளர்ந்த நாம், பொய்ச் சாட்சியை விலைக்கு வாங்கலாமா?

வேலைக்கு ஆள் வைத்தால்

நேரமில்லாதவர்கள் இத்தொழில் அறிந்தவரை அமர்த்தத்தான் வேண்டும். நேர்மையாக உழைக்கும் இளைஞர்கள் இத்துறையில் பலர் உள்ளனர். அவர்களுக்குரிய கூலியைக் கொடுப்போம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமல்லவா? ஆகவே நான்கு நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, இணையதளப் பெயரும் கூகுள் கணக்கும் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு, மாதந்தோறும் என்ன வேலை நடந்தது என்ற பட்டியல் வேண்டும். மூன்று, எந்தெந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் கண்ணுக்கே காட்ட வேண்டும். நான்கு, இணைப்போ கருத்தோ விலைக்கு வாங்கமாட்டேன் என்ற உறுதி வேண்டும். இந்த வேலை பலன் தரப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுள் 2017இல் ஒரு காணொளியில் விளக்கியது. ஆகவே, நாளைக்கே வரும் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

இதைத் தனித்தனியே செய்வதைவிடக் கூடிச் செய்வது எளிது. நம் வீட்டுப் பிள்ளைகளில் கணினி படித்தவர்கள் எத்தனையோ பேர். மாதம் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் அவர்கள் உட்கார்ந்து, பத்துப் பத்து உறுப்பினர்களாகக் கடைப் பதிவைச் சரிபார்த்துக் கொடுத்தால், ஓராண்டில் நம் கடைவீதி முழுவதும் சரியாகிவிடும். உறுப்பினர்களின் இணையதளப் பெயர்கள் யார் பெயரில் பதிவாகியுள்ளன என்பதையும் சங்கமே கேட்டுப் பட்டியலிட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு கடையைச் சாத்தியதும், உங்கள் கைப்பேசியில் வேண்டாம், வெளியூர் உறவினர் ஒருவரிடம் சொல்லி அவருடைய கைப்பேசியில் தேடச் சொல்லுங்கள். கடைப் பெயரைப் போட வேண்டாம். நீங்கள் விற்கும் சரக்கையும் உங்கள் ஊரையும் மட்டும் போடச் சொல்லுங்கள். உங்கள் கடை வருகிறதா, வந்தால் அதிலுள்ள தொலைபேசி எண் இன்னும் உங்களுடையதுதானா என்று கேளுங்கள். மற்ற வேலையெல்லாம் அதன் பிறகு.