கோயில் கடனுக்கு ஊரே ஈடு

கோயில் பணத்தை வட்டிக்கு விடுவதா என்று பினாங்கு மாநிலத்துப் பைராம் தோட்டத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ராஜராஜன் காலத்திலேயே தஞ்சைப் பெரிய கோயில் விட்டது. வாங்கியவை பெரும்பாலும் ஊர்ச்சபைகள். ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு. சாமியின் மஞ்சன நீரில் போட ஏலமும் சண்பக மொட்டும்கூட அந்த வட்டியில் வந்தன. ஈடு? தனி ஆள் ஓடிப்போவான், ஊர் ஓடாது. கிரேக்கத் தீவான டெலோசில் அப்போலோ கோயில் 10 விழுக்காட்டுக்குக் கொடுத்தாலும் நில அடமானமும் ஜாமீனும் கேட்டது. பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளிலும் நிலம்தான் பேசியது. தோட்டத் தொழிலாளிக்கு நிலம் ஏது? அதனால் எனக்குத் தஞ்சை முறையே பிடிக்கிறது. யார் வாங்கினார், எவ்வளவு, வட்டி எதற்கு, எல்லாம் கல்லில் இருக்கிறது. கோயில் கமிட்டிக்காரர்களே, கல்வெட்டு வேண்டாம். வரவுசெலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.