இரசிகர் உரிமை எதுவரை?

ஒரு கதையின்மீது அளவிறந்த பற்று வைத்தோர் அக்கதைக்கே உரியவர் ஆவரோ என்பது அண்மைக் காலத்தில் பலகாலும் எழும் வினா. விஞ்ஞானக் கற்பனைக் கதைகளைத் தொடர்ந்து படமாக்கி வரும் அமெரிக்க நாட்டில் இவ்வினா மிக்க கசப்புடன் வாதிக்கப்படுகின்றது. எம் கலாசாலை மாணவருள்ளும் அப்படங்களை விரும்பிக் காண்போர் பலராதலின், எமது கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

இரசிகரின் ஆர்வம் தன்னளவில் தீயதன்று. 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, அதனைக் காக்க வேண்டி நிலையத்தாருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1968 ஜனவரியில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் தீவட்டி ஏந்தி, பர்பாங்க் நகரிலுள்ள படப்பிடிப்பு நிலையம்வரை ஊர்வலமாய்ச் சென்றனர். (எம் மாணவர்க்கு இச்செய்தி உவப்பளிக்கும் என்பதில் ஐயமில்லை!) தொடர் மேலும் ஓர் ஆண்டு நடைபெற்றது. 1976-இல் அமெரிக்கரின் விண்வெளி ஓடம் ஒன்றிற்கு அத்தொடரில் வரும் 'எண்டர்பிரைஸ்' என்னும் கலத்தின் பெயர் சூட்டப்பெற்றதும் இரசிகர் கடிதங்களின் பயனே. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. அவ்விண்ணப்பங்கள் முடிவு செய்யும் அதிகாரம் உடையோரை நோக்கிச் சென்றனவேயன்றி, நடிகர் எவரையும் துன்புறுத்தச் சென்றன அல்ல.

'ஸ்டார் வார்ஸ்' கதைத்தொடரின் வரலாறோ வேறு. 1999-இல் வெளியான அதன் படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தை ஏற்றவர் அகமது பெஸ்ட் என்னும் இளைஞர். பாத்திரத்தைப் படைத்தவர் ஜார்ஜ் லூகாஸ். வசையை ஏற்றவர் பெஸ்ட். அந்நாளில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணியதாக அவர் 2018-இல் வெளிப்படையாகக் கூறினார். 2023-இல் அவர் அக்கதைத்தொடரின் வேறொரு பகுதியில் வீரராகத் தோன்றியபோது இரசிகர் மகிழ்ந்து வரவேற்றனர். அவ்வரவேற்பு வர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

2017-இல் வெளியான 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தில் ரோஸ் டிக்கோவாக நடித்தவர் கெல்லி மரீ டிரான். வியட்நாமிலிருந்து அகதிகளாய் வந்த பெற்றோரின் மகள் இவர். இவருடைய இனத்தையும் தோற்றத்தையும் இழித்துரைத்த வசைகள் திங்கட்கணக்கில் வந்து குவிந்தன. 2018 ஜூனில் இவர் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்துப் பதிவுகள் அனைத்தையும் நீக்கினார். அடுத்து 2019-இல் வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. அதில் ரோஸ் தோன்றுவதோ ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுதியான நேரமே. மறைந்த காரி ஃபிஷரின் பழைய காட்சிகளோடு இணைக்க எடுத்த பகுதிகள் சரிவர அமையாமையே காரணம் என்று கதாசிரியர் ஒருவர் விளக்கினார். அவ்விளக்கத்தை யாம் மறுக்கவில்லை. ஆனால் முந்தைய படத்தில் நாயகி ரே பெயரற்ற எளியோரின் மகள் எனப்பட்டாள்; அடுத்த படத்திலோ கொடுங்கோல் மன்னனின் பேர்த்தியாகிவிட்டாள். குலப்பெருமை இல்லாத ஒருத்திக்கும் ஆற்றல் வாய்க்கும் என்ற அரிய கருத்து இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இரைச்சலுக்கு அஞ்சியோர் செய்த மாற்றம் என்றே எமக்குத் தோன்றுகின்றது. விஞ்ஞானக் கதைக்கு உயிர் புதுமையே. அஞ்சி எழுதுவோனிடம் அதனை எதிர்பார்க்க இயலுமோ?

படம் நன்றாக இல்லை என்று சொல்லும் உரிமை சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் உண்டு. 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தைக் குறைகூறினோர் எல்லாரும் தீயோர் என்பார் கூற்றை யாம் ஏலோம். அதன் நடுப்பகுதி எமக்கும் சலிப்பூட்டியதே. படத்தயாரிப்பாளரும் குற்றமற்றவர் அல்லர். "இக்கதை உங்களுடையது" என்னும் எண்ணத்தை ஊட்டியே பொம்மைகளையும் பழைய நினைவுகளையும் விற்றுப் பொருளீட்டுகின்றனர். படம் தோல்வியுறின் கொடிய இரசிகர்மேல் பழியைப் போட்டு, நேர்மையாகக் குறைகூறுவோரையும் அக்கூட்டத்திலேயே சேர்த்துவிடுகின்றனர்.

2022-இல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் நடித்த கறுப்பினத்து நடிகை மோசஸ் இங்கிராமுக்கும் இத்தகைய வசைகள் வந்தபோது நிறுவனத்தார் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றனர். உடன் நடித்த ஈவன் மெக்கிரெகரும் வசைபாடியோரைக் கண்டித்துப் பேசினார். இது நன்றே. ஆனால் தொடர் வெளிவருமுன்பே, இத்தகைய வசை வரக்கூடும் என்று நிறுவனத்தார் அந்நடிகைக்கு எச்சரிக்கை செய்திருந்தனர். ஐந்தாண்டுகளுக்குள் அவ்வெச்சரிக்கை நடிகர்க்கு வசன ஏட்டோடு உடன் தரப்பட வேண்டியதொன்றாகிவிட்டது.