ஏட்டைப் புரட்டும் காவல்

பொட்டிப்புரத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் களவு நிகழின் காவலர் செல்லத்தக்க வழிகள் இரண்டு. பட்டிக்குச் சென்று, சுவடு நோக்கி, அண்டை அயலாரை வினவி, சந்தையில் ஆடு விற்றவன் யாவனெனத் துருவிக் காண்பது ஒன்று. நிலையத்தை விட்டு அகலாமலே பழைய ஏட்டைப் புரட்டி, அதில் பெயருள்ளவனை இழுத்துவந்து அடிப்பது மற்றொன்று. முன்னதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும்; பின்னதற்குத் தடி போதும்.

இப் பின்னைய வழியைச் சட்டமாகவே எழுதிவைத்தவன் வெள்ளையன். 1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் (‘பரம்பரை’ வடசொல்லே, மக்கள் நாவில் நிலைத்துவிட்டமையின் அவ்வாறே ஆளப்படுகின்றது) குற்றஞ் செய்தவனைத் தேடவில்லை, ஒரு குடியிற் பிறந்தாரை எல்லாம் குற்றவாளிகளாக்கிற்று. பிறமலைக் கள்ளர்மீது அஃது ஏவப்பட்டது. உழுதுண்டு வாழ்ந்தவனும் விரல் பதிந்து தரல் வேண்டும்; இரவில் காவலர்முன் வந்து நிற்றல் வேண்டும்; வெளியூர் செல்லச் சீட்டுப் பெறல் வேண்டும். விரல் பதிய மறுத்தது உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். 3.4.1920 அன்று காவலர் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்ணொருத்தி உள்ளிட்ட 16 பேர் மாண்டனர்.

அதே 1920-இல் அதே அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டத்தையும் தொடங்கிற்று. பள்ளி, கூட்டுறவுக் கடன், உழவு, தொழில் எனக் களவின் வேரை நாடிய வழி அது. மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் உள்ள சீரமைப்புப் பள்ளிகள் அதன் வழிவந்தவையே. சுட்ட கையே சுவடியும் நீட்டியதென்று வெள்ளையனைப் புகழ்வதற்கில்லை. சென்னை மாநிலத்தில் அச்சட்டம் நீங்க 1947 வரை ஆயிற்று. ஆயினும் குண்டு செய்யாததைப் பலகையும் பலப்பமும் செய்தன.

சட்டம் போயிற்று, ஏடு போகவில்லை. ஏட்டில் பெயரே இல்லாதவர்மீதும் இன்று தடி பாய்கின்றது. 2025 சூன் திங்களில், சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில், நகை காணாமற்போன முறையீட்டின்மேல் உசாவப்பெற்ற கோயிற் காவலாளியான இளைஞர் காவலர் பிடியில் இறந்தார்.

காவலரிடம் கூறும் குற்ற ஒப்புகை வழக்குமன்றத்தில் சான்றாகாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்திலேயே உள்ளது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் அதனை மாற்றவில்லை. பின் ஏன் அடிக்கின்றனர்? அவ்வொப்புகையால் களவுப் பொருள் வெளிப்படின், அப்பகுதி மட்டும் ஏற்கப்பெறும். அவ்வொரு சிறு வாயிலின் வழியாகத்தான் தடி நுழைகின்றது.

ஆகவே, முறையீட்டை வந்த அன்றே பதிந்து, அதன் படியை முறையிட்டவர் கையில் தருக. குற்றம் மெய்ப்பிக்கப்படாதார் பெயரை ஏட்டினின்று நீக்குக. உசாவ அழைப்பதாயின் எழுத்தில் அழைத்து நிலையத்திலேயே உசாவுக. நிலையந்தோறும் ஒளிப்பதிவுக் கருவி பொருத்துமாறு 2020-இல் இந்திய உச்ச வழக்குமன்றம் ஆணையிட்டுள்ளது. மடப்புரத்து இளைஞர் அடிக்கப்பெறுவதாக வெளிவந்த காட்சியோ, கோயிலின் பின்புறத்தில் எடுக்கப்பெற்றது.