ஆட்டுக்கு அழுத சீமாட்டி

பிரெஞ்சு சினிமா நடிகை பிரிஜித் பார்தோ 2025 டிசம்பர் 28-ந் தேதி தமது 91-வது வயதில் காலமானார். உடனே உலகத்து முதலாளித்துவப் பத்திரிகைகள் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டன. எழுபது வருஷத்துக்கு முந்திய கடற்கரைப் போட்டோக்கள் முதல் பக்கத்துக்கு ஏறின. நூற்றாண்டின் நாயகி மறைந்தார், சுதந்திரமான வாழ்க்கையின் உருவமே அவர்தான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மாக்ரோன் அஞ்சலி எழுதினார். அரசாங்கமே தேசிய அஞ்சலி செலுத்த வேண்டும் என்று வலதுசாரிகள் கூச்சலிட்டார்கள். வாயில்லா ஜீவன்களின் தாய் என்று புகழாத பத்திரிகை இல்லை.

ஆலைத் தோழரும் வயற்காட்டுத் தோழரும் கேட்கலாம்: எங்கோ ஏழு கடலுக்கு அப்பால் ஒரு சினிமா நடிகை செத்துப் போனால் நமக்கென்ன? சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. 2019-ம் ஆண்டில் இந்த அம்மாள் பேனா பிடித்துக் காட்டுமிராண்டிகள் என்று ஏசியது யாரை? ரீயூனியன் தீவு ஜனங்களை. அவர்களில் ஒரு பெரும் பகுதி, நம் பாட்டன் பூட்டன்மாரோடு ஒரே மண்ணில் பிறந்து, வயிற்றுக்கு இல்லாமல் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழ்க் கூலிகளின் சந்ததி. இதைத்தான் பல பத்திரிகைகள் "சர்ச்சைக்குரிய கருத்துக்கள்" என்று இரண்டே வார்த்தையில் மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டன. அந்த மூட்டையை நாம் அவிழ்ப்போம்.

முதலில் அம்மாளின் கதை. 1934 செப்டம்பர் 28-ல் பாரிஸில் பிறந்தவர். தகப்பனார் லூயி பார்தோ ஆலை முதலாளி. பணக்காரர்கள் வாழும் பதினாறாம் வட்டாரத்தில் வீடு. நாட்டியம் கற்றுக் கொடுக்க ஆசிரியர்கள். பதினைந்து வயதிலேயே 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையின் அட்டையில் படம் வந்தது. பதினெட்டு வயதில் ரோஜே வாதிம் என்பவரை மணந்தார். அந்த வாதிம் 1956-ல் எடுத்த 'கடவுள் பெண்ணைப் படைத்தார்' என்ற படத்தோடு அவர் பெயர் கடல் கடந்தது. கணவனே காமிராவுக்குப் பின்னால் நின்று மனைவியின் உடலை விலைப்பொருளாக்கினான். அமெரிக்காவில் பாதிரிமார் படத்தைக் கண்டித்தார்கள். கண்டிக்கக் கண்டிக்க டிக்கெட் விற்றது. கார் ஏற்றுமதிக்கு ஈடாகப் பார்தோ ஏற்றுமதி பிரான்சுக்கு அன்னியச் செலாவணி கொண்டு வருகிறது என்று வேடிக்கையாகப் பேசப்பட்ட காலம் அது. வேடிக்கையில் உண்மை இருந்தது. சரக்கு சரக்குத்தான், இரும்பானால் என்ன, சதையானால் என்ன?

இந்தச் சரக்கு மூச்சுவிடும் மனுஷி என்பதை வியாபாரிகள் மறந்தார்கள். 1960 ஜனவரியில் மகன் பிறந்தபோது போட்டோக்காரர்கள் வீட்டைச் சூழ்ந்து முற்றுகை போட்டார்கள். அதே வருஷம் தமது இருபத்தாறாவது பிறந்த நாளன்று அவர் தற்கொலைக்கு முயன்றார். அதையும் பத்திரிகைகள் விற்றுக் காசாக்கின. இதைச் சொல்லி நாம் எள்ளி நகையாடவில்லை. ஒரு பெண்ணைப் பிழிந்து சக்கையாக்கிய அந்தத் தொழிலின் மேல்தான் நமக்குக் கோபம். குளூஸோ எடுத்த 'உண்மை' (1960), கோதார் எடுத்த 'வெறுப்பு' (1963) ஆகிய படங்களைப் பார்த்தவர்கள் இந்த அம்மாளுக்கு நடிப்பும் வரும் என்று ஒப்புக்கொள்வார்கள். 1973-ல், நாற்பது வயது நிறையுமுன்பே, சினிமா போதும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். அதற்கும் துணிச்சல் வேண்டும்.

இன்னொரு துணிச்சலையும் நாம் மறைக்க மாட்டோம். 1961-ம் ஆண்டு. அல்ஜீரியா விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தது. விடுதலை கொடுக்கக் கூடாதென்று ஓ.ஏ.எஸ். என்ற பாசிஸ்டு ரகசியக் கும்பல் குண்டு வைத்துக்கொண்டிருந்தது. 50,000 புதிய பிராங்க் கொடு, இல்லாவிட்டால் உயிர் தங்காது என்று அந்தக் கும்பல் பார்தோவுக்கும் கடிதம் அனுப்பியது. அவர் பயந்து பணம் கட்டவில்லை. கடிதத்தை 'எக்ஸ்பிரஸ்' வாரப் பத்திரிகையில் அப்படியே போட வைத்து, நாஜி நாட்டில் வாழ எனக்கு விருப்பமில்லை என்று பகிரங்கமாகப் பதில் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் இதே ஓ.ஏ.எஸ்.ஸை எதிர்த்து ஊர்வலம் போன பாரிஸ் தொழிலாளர்களைப் போலீஸ் ஷரோன் ரயில் நிலைய வாசலில் தாக்கியது. ஒன்பது பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். அந்த நாளில் பார்தோ சரியான பக்கத்தில்தான் நின்றார்.

அப்படி நின்றவர் எங்கே போய்ச் சேர்ந்தார்? 1972-ல் ழான்-மரி லெ பென் என்பவன் தேசிய முன்னணி என்று ஒரு கட்சி தொடங்கினான். அல்ஜீரியாவில் பாரசூட் பட்டாளத்தில் இருந்தவன். கட்சியைத் தொடங்கிய கூட்டத்தில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் சேவகம் பார்த்தவனும் இருந்தான், ஓ.ஏ.எஸ்.ஸில் இருந்தவனும் இருந்தான். எந்தக் கும்பலுக்கு 1961-ல் ஒரு காசு தர மாட்டேன் என்றாரோ, அதன் மிச்சம் மீதிகள் குடியேறிய வீடு அது. 1992-ல் பார்தோ மணந்த நாலாவது கணவர் பெர்னார் தொர்மால், அந்த லெ பென்னின் நெருங்கிய சகா. பிறகு லெ பென்னின் மகளுக்கு ஓட்டுக் கேட்டு அம்மாளே பிரசாரம் செய்தார்.

கணவனின் சகவாசத்தால் கெட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். எழுதத் தெரிந்த, யோசிக்கத் தெரிந்த பெண்ணை இப்படிப் பொம்மையாக்குவது நமக்குச் சம்மதமில்லை. அவர் அந்த வீட்டுக்குப் போன பாதை வேறு. அது ஆட்டுத்தொழுவத்தின் வழியாகப் போன பாதை.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையல்ல இது. அம்மாளின் கண்ணீர் உண்மையான கண்ணீர். 1962-லேயே டெலிவிஷனில் தோன்றி, கசாப்புக்கூடங்களில் மிருகங்களை மயக்கமுறச் செய்த பிறகே அறுக்க வேண்டும் என்று வாதாடினார். இரண்டு வருஷத்தில் அதற்குச் சட்டம் வந்தது. 1977-ல் கனடாவின் பனிக்கட்டியில் போய் நின்று, சீல் குட்டிகளைத் தடியால் அடித்துக் கொல்வதை உலகத்துக்குக் காட்டினார். 1986-ல் விலங்குப் பாதுகாப்பு ஸ்தாபனம் அமைத்து, அதற்காகத் தம் நகை நட்டுக்களை ஏலம் போட்டார். இதிலெல்லாம் நமக்கு வழக்கில்லை. மாட்டோடு உழைத்து மாட்டோடு உறங்கும் விவசாயத் தொழிலாளிக்கு வாயில்லா ஜீவன் மீது இரக்கம் கொள்ளச் சீமாட்டி வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

கத்தி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் அம்மாளின் இரக்கம் விஷமாகிறது. மிருகத்தோல் வியாபாரியை எதிர்த்தார், வேட்டைக்காரரை எதிர்த்தார். அங்கெல்லாம் செய்கையைத்தான் கண்டித்தார். வருஷத்துக்கு ஒரு முறை பக்ரீத் நாளில் ஆடு அறுக்கும் முஸ்லிம் குடும்பத்தைக் கண்டதும் செய்கையை விட்டு இனத்தைப் பிடித்துக்கொண்டார். அன்னியர் படையெடுத்துவிட்டார்கள், நம்மை அழிக்கிறார்கள் என்று எழுதினார். இன வெறுப்பைத் தூண்டியதாக 1997, 1998, 2000, 2004, 2008 ஆகிய ஐந்து வருஷங்களில் ஐந்து முறை கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2008-ல் மட்டும் அபராதம் 15,000 யூரோ. அம்மாளுக்கு அது சில்லறைக் காசு.

யார் அந்தப் "படையெடுத்தவர்கள்"? அல்ஜீரியாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் முதலாளிகளே ஆள் பிடித்துக் கொண்டுவந்த கூலிகள். பியான்கூர் கார் ஆலையில் இரும்பு உருக்கியவர்கள், சாலை போட்டவர்கள், சுரங்கத்தில் இறங்கியவர்கள், பாரிஸின் மாடி வீடுகளைக் கட்டிவிட்டுத் தாங்கள் தகரக் குடிசையில் படுத்தவர்கள். வேலை இருக்கும் வரை "கை" என்றார்கள். வேலை குறைந்ததும் "படையெடுப்பு" என்கிறார்கள். ஆட்டின் பெயரைச் சொல்லி இந்த விஷத்தை ஊற்றினால் நல்ல மனசுக்காரரும் குடித்துவிடுவார். லெ பென்னுக்கு இதைவிட மலிவான பிரசாரம் கிடைக்குமா?

இப்போது ரீயூனியனுக்கு வருவோம். இந்துமகா சமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள தீவு. பழைய பெயர் பூர்போன். 1848 டிசம்பர் 20-ந் தேதி அங்கே அடிமைகள் 60,000 பேருக்கு மேல் விடுதலையானார்கள். நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கல்ல, எஜமானர்களுக்கு! விடுதலையான கறுப்பு உழைப்பாளி பழைய சாட்டைக்குக் கீழே திரும்பிப் போக விரும்பவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! பிரெஞ்சுக்காரன் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினான். 1860-ல் வெள்ளையர் இருவர், பிரிட்டிஷாரும் பிரெஞ்சாரும், நம் ஜனங்களைக் கேட்காமல் நம் ஜனங்களைப் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஐந்து வருஷக் கூலி ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். கூலிகளை நடத்திய விதம் அவ்வளவு கேவலமாக இருந்ததால் 1882-ல் பிரிட்டிஷ் சர்க்காரே ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டியதாயிற்று. தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் ரத்தத்தை உறிஞ்சிய பிரிட்டிஷ் சர்க்காருக்கே பொறுக்கவில்லை என்றால் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தக் கூலிகளை அங்கே "மலபார்" என்றார்கள். பெரும்பாலோர் தமிழர். ஊரிலிருந்து அவர்கள் கொண்டுபோன சொத்து என்ன? மாரியம்மன், காளி, மதுரைவீரன், முனீஸ்வரன். தீமிதி. வேண்டுதலுக்கு ஒரு கிடா. வெட்டிய கிடாவைக் குழம்பு வைத்துச் சுற்றியிருந்த எல்லோருக்கும் இலை போட்டார்கள். அந்த மசாலா வாசம் பக்கத்துக் குடிசைக்கும் போயிற்று. இன்று "கப்ரி மசாலே" என்று கறுப்பர், வெள்ளையர், சீனர் எல்லோரும் தங்கள் தீவின் உணவாகக் கொண்டாடுவது இந்த ஆட்டுக்கறியைத்தான். கரும்புத் தோட்டத்தில் பெயரையும் மொழியையும் இழந்த ஜனங்கள், தாங்களும் மனிதர்கள்தான் என்று தங்களுக்கே சொல்லிக்கொண்ட இடம் அந்தக் கோவில் வாசல்.

2019 மார்ச்சில் பார்தோ அந்தத் தீவின் அரசாங்கப் பிரதிநிதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாய் பூனைகள் கொடுமைப்படுத்தப்படுவதாக ஆரம்பித்து, தமிழர் திருவிழாவில் ஆட்டின் தலை வெட்டப்படுவதையும் இழுத்து, தீவின் ஜனங்கள் சீரழிந்த கூட்டம், காட்டுமிராண்டிப் பிறவிக் குணம் இன்னும் ரத்தத்தில் ஓடுகிறவர்கள், நரமாமிசம் தின்ற காலத்தின் மிச்சம் என்ற அர்த்தத்தில் கொட்டித் தீர்த்தார்.

நாம் பூசாரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. கிடா வெட்டினால் நோய் தீரும் என்பதை நாம் நம்புகிறவர்களல்ல. நம்புகிற தோழனோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள். ஆனால் பேசுவது வேறு, அவன் ரத்தமே கெட்டது என்பது வேறு. தமிழ்நாட்டிலும் 1950-ம் வருஷச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து 2003-ல் கிராமக் கோவில்களில் கிடா வெட்டைத் தடுக்கப் போலீசை ஏவினார்கள். பெரிய ஓட்டல் அடுப்பில் பிரியாணி தடையில்லாமல் வெந்தது. ஜனங்களின் எதிர்ப்பைக் கண்டு மறுவருஷமே சட்டத்தை ரத்துச் செய்தார்கள். ஏழையின் தெய்வத்திடம் மட்டும் ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

காட்டுமிராண்டி யார் என்று ரீயூனியன் சரித்திரத்தையே கேட்போம். 1946-ல் காலனி அந்தஸ்தை ஒழித்து, பிரெஞ்சுத் தொழிலாளிக்கு உள்ள உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தவர்கள் அந்தத் தீவின் கம்யூனிஸ்டுகள் ரேமோன் வெர்ஜஸும், ரயில்வேத் தொழிலாளியான லெயோன் தெ லெபெர்வான்ஷும். மார்ட்டினிக் தீவின் கவிஞர் எமே செஸேர் தோள் கொடுத்தார். சட்டம் வந்தது. அப்புறம் நடந்ததென்ன? 1960-களின் ஆரம்பம் முதல் இருபது வருஷ காலம், தீவின் ஏழைக் குழந்தைகள் 2,000 பேருக்கு மேல் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஆள் குறைந்துபோன பிரெஞ்சு நாட்டுப்புறங்களுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். படிக்க வைக்கிறோம் என்று தாய்மாரிடம் சொன்னார்கள். க்ரேஸ் மாவட்டத்துப் பண்ணைகளில் அந்தப் பிள்ளைகளில் பலர் சம்பளமில்லாத வேலையாட்களானார்கள். ஏற்பாடு செய்தவர் முன்னாள் பிரதம மந்திரி மிஷேல் தெப்ரே. அரசுக்குத் தார்மிகப் பொறுப்பு உண்டு என்று பிரெஞ்சுப் பாராளுமன்றம் தீர்மானம் போட 2014 ஆயிற்று.

1977-ல் பனியில் நின்று சீல் குட்டிக்காக உலகம் அழுதபோது அந்த விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் குழந்தைகளைப் படம் எடுக்க எந்தப் பத்திரிகையும் போட்டோக்காரனை அனுப்பி முற்றுகை போடவில்லை.

கிழவி, வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள் இப்போது. முதல் தண்டனையின்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு அறுபத்து மூன்று. இருபத்து நாலு வருஷம் விடாமல் பாடிய பாட்டு அது. கலை வேறு, கருத்து வேறு என்கிறார்கள். சிமோன் சிஞோரே என்ற நடிகை 1960-ல் அல்ஜீரியப் போருக்கு எதிரான 121 பேர் அறிக்கையில் கையெழுத்திட்டபோது, கையெழுத்திட்டவர்களுக்கு ரேடியோ, டெலிவிஷன் வாசலை மூடியது பிரெஞ்சு அரசாங்கம். அன்று கலையும் கருத்தும் வேறு வேறு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

2021 நவம்பரில் ரீயூனியனின் தலைநகரான சான்-தெனியில் உள்ள கோர்ட்டு, இனத்தைப் பழித்த குற்றத்துக்காகப் பார்தோவுக்கு 20,000 யூரோ அபராதம் போட்டது. ஆறாவது தண்டனை. அந்தத் தீவு இன்றும் பிரெஞ்சுக் குடியரசின் ஒரு மாவட்டம். அந்தக் குடியரசின் ஜனாதிபதி எழுதிய அஞ்சலியில் அம்மாளின் குரல் வந்தது, முகம் வந்தது, மிருகங்களின் மேல் வைத்த பாசம் வந்தது. ரீயூனியன் வரவில்லை.